அரை மில்லிமீட்டர்

ரதேஸ் துறைமுகச் சுங்கத்தில்
என் மேசைக்கு வந்து சேர்வது மரம் அல்ல,
மரத்தின் எடை.
தலைப்பு எண் நாற்பத்து நான்கு, பூஜ்யம் எட்டு:
சீவிய மரத்தகடு, ஆறு மில்லிமீட்டருக்கு மிகாதது.
கடைக்காரர்கள் வெனீர் என்பார்கள்.
எனக்குள் அது எப்போதும் மரத்தோல்.

இயக்குநர் கேட்டது சின்ன வேலை.
துனிசியா ஒரு கோடு, எகிப்து ஒரு கோடு,
இருபது ஆண்டுகள், ஒரே தாள்.
"எங்கே பிரிகின்றன, ஏன்?
மூன்று வரியில் எழுது, சிஹாம்."

எகிப்து சிவப்பு.
ஏறும், இளைப்பாறும், மறுபடி ஏறும்,
பிறகு மாடிப்படியில் கால் தவறியவன் மாதிரி
ஒரே உருளல்.
துனிசியா நீலம்.
கோடைக்கால ஏரியாய் அசையாமல் கிடந்து
நடுவில் ஓர் ஆண்டு மட்டும்
ஒட்டகத் திமில்.

சிவப்புக்குக் காரணம் தேடி
தமியாத்துக்குத் தொலைபேசினேன்,
பழைய விலைப்பட்டியல் ஒன்றின் மூலையில் கிடந்த எண்.
எடுத்தவர் ஷௌக்கி அபு ஹத்தாப், அலமாரி செய்பவர்.
பின்னால் ஒரு ரம்பம்
அவர் பேச்சைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தது.
"பவுண்டு விழுந்ததே, அந்த வருஷமா?
கதவுக்கு மட்டும் வெனீர் ஒட்டினோம் அம்மா,
பக்கவாட்டுக்குப் பெயிண்ட்.
பின்புறத்தைச் சுவர் பார்க்கும்,
சுவர் என்ன குறை சொல்லப்போகிறது?
மணப்பெண்ணின் அப்பாமார்கள்தான்
சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தார்கள்.
பார்த்தவர்களுக்கு விலை குறைத்தோம்."

விழுந்த கோட்டுக்குள்
இத்தனை பேர் குனிந்து நிற்பது தாளில் தெரியவில்லை.
அடிக்குறிப்பில்
"நாணய மதிப்பிறக்கம்" என்று மட்டும் எழுதினேன்.
தோலிருக்கச் சுளை விழுங்குவது என்பார்கள்.
இங்கே சுளை எந்தக் காட்டிலோ தங்கிவிட,
கப்பலில் தோல் மட்டும் வந்தது,
பிறகு அதுவும் பாதியாய் வந்தது.

நீலத் திமிலுக்காக
யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.
கிடங்கில் இறங்கி அந்த ஆண்டின் கட்டை அவிழ்த்தேன்.
ஜனவரி. காபூனிலிருந்து ஒக்குமே.
அறிவிப்புத் தாளில் இருநூற்று நாற்பது டன்.
பதிவேட்டில் இரண்டாயிரத்து நானூறு.
பதிந்தவர்: எஸ். எல்.
நான்.

நினைவிருக்கிறது.
தெருவில் டயர் எரிந்தது,
ஜன்னலை மூடியும் புகை உள்ளே வந்தது.
பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களில் பாதி கிளம்பிவிட்டார்கள்.
அண்ணன் மகன் ஊர்வலத்தில்.
அவன் அழைப்புக்காக ஒரு கை தொலைபேசியில்,
மறு கை விசைப்பலகையில்.
அந்தக் கைதான்
பூஜ்யத்தை இரண்டு முறை தட்டியிருக்கிறது.
அவன் அன்றிரவே வந்துவிட்டான், ஒற்றைச் செருப்போடு.
பூஜ்யம்தான் திரும்பவில்லை.

அது அமைச்சக அறிக்கைக்குப் போயிற்று,
ஜெனிவாவுக்குப் போயிற்று,
"நெருக்கடியிலும் தளராத தேவை" என்று
எவனோ ஒரு மாணவன்
அதன் மேல் ஏறி நின்று பட்டம் வாங்கினான்.

இயக்குநரிடம் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதை எடுத்துவிட்டால் ஒப்பிட என்ன மிஞ்சும்?"
"தட்டையாய் ஒரு கோடு."
நெடுநேரம் துடைத்தார்.
"தட்டையாகவே அனுப்பு," என்றார்,
"ஆனால் திங்கட்கிழமை அனுப்பு.
அன்றைக்கு நான் விடுப்பு."

வெள்ளிக்கிழமை ஓர் உறை வந்தது, தமியாத்து முத்திரை.
உள்ளே உள்ளங்கையளவு பீச் மரம்,
அரை மில்லிமீட்டர்,
பென்சிலில் ஒரு கிறுக்கல்: பழைய இருப்பு, கடைசித் தாள்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
மறுபக்க விரல்கள் மங்கலாய்த் தெரிகின்றன.
இதிலும் கோடுகள், ஆண்டுக்கு ஒன்றாய் வளர்ந்தவை.
கட்டையைச் சுழலவிட்டுச் சீவியதால்
ஒன்றை ஒன்று நெருங்கி, விலகி,
திடீரென்று தீவாய்ச் சுருண்டு நிற்கின்றன.
எது எந்த ஆண்டு என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.